நாற்பத்து மூன்றாவது பாட்டில்

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ஜாக்கிரதை டீச்சர். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பாள். ஒரு பாடவேளையில் எத்தனை தடவை 'ஜாக்கிரதை' சொல்கிறாள் என்று கடைசி பெஞ்சில் கோடு போட்டு எண்ணுவார்கள். நான் பக்கத்து வகுப்பில் கணக்கு எடுப்பவள். நடுவில் இருக்கும் சுவர் மெல்லியது என்பதால் நானும் எண்ணியிருக்கிறேன். முப்பதைத் தாண்டிய நாட்கள் உண்டு.

தீக்குச்சி உரசும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆள் அவள். பதினெட்டு வருடமாக இதயம் முதல் எரிமலை வரை கரும்பலகையில் வரைந்தே ஒப்பேற்றிவிட்டாள். புதிதாக வந்த தலைமையாசிரியை, "இனிமே வாரம் ஒரு சோதனையாவது பிள்ளைங்க கையால செய்யணும்" என்று சொன்ன அன்று, கையிலிருந்த டீயைக்கூட அவள் முடிக்கவில்லை. நான் சிரித்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, இறங்கிய பிறகு அவள் ஒரு கை பார்த்துவிட்டாள். ஒவ்வொரு சோதனையையும் முதலில் வீட்டில் மூன்று முறை செய்து பார்ப்பாள். சுண்ணக்கட்டி அமிலத்தில் பொங்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் பள்ளியில் வாங்கும் சுண்ணக்கட்டி பொங்காது, அது வேறு சரக்கு என்று வினிகரில் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்து, முட்டை ஓட்டுக்கு மாறினாள். லிட்மஸ் தாள் தீர்ந்துபோனால் செம்பருத்தி இதழைத் தாளில் தேய்த்துக் காயவைத்துக் கொண்டுவருவாள். காய்ந்ததும் ஊதாவாகும் அந்தத் தாள், அமிலம் பட்டால் சட்டென்று சிவந்துவிடும். "இதுல எது சமையலறை, எது ஆய்வகம்?" என்று வீட்டுக்காரர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாராம்.

பிள்ளைகளுக்கு அவள் இரண்டு சட்டம் போட்டிருந்தாள். எதையும் மூக்கில் வைத்து முகரக் கூடாது, கையால் விசிறித்தான் முகர வேண்டும். டீச்சர் இல்லாமல் எந்தச் சோதனையும் செய்யக் கூடாது. மீறினால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

முட்டை ஓட்டுச் சோதனை அன்று இடைவேளை முடிந்து நடக்க வேண்டும். ஆய்வகம் கீழ்த்தளத்தில், வகுப்பு இரண்டாம் மாடியில். கண்ணாடிக் குப்பியோடு படியேறினால் கை தவறி உடைந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுத்த நீல நிறத் தண்ணீர் பாட்டில்களில் ஒன்று மீந்திருந்தது. பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர், வந்தது நாற்பத்து மூன்று. அதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றி, 'அமிலம்' என்று சீட்டு எழுதி ஒட்டி, வகுப்பில் தன் மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, முட்டை ஓடு எடுக்க ஆசிரியர் ஓய்வறைக்குப் போனாள். உலகத்தில் எவ்வளவோ துணிச்சல்காரர்கள் இருக்கிறார்கள், ஒருவரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். பயந்தவள்தான் செய்தாள்.

இடைவேளை மணி அடித்து ஐந்து நிமிடம் இருக்கும். என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, கொஞ்சம் வாங்க. பாட்டில காணோம்."

மேசைக்கு அடியில் சீட்டு மட்டும் கிடந்தது. பிளாஸ்டிக்கில் பசை ஒட்டவில்லை. பின்பக்க அலமாரியில் பிள்ளைகளின் நீல பாட்டில்கள் வரிசையாக இருந்தன, எல்லாம் ஒரே அச்சு. யாரோ கீழே கிடக்கிறதே என்று எடுத்து அங்கே வைத்திருக்க வேண்டும். இன்னும் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் வியர்க்க விறுவிறுக்க ஓடி வருவார்கள், வந்ததும் பாட்டிலைத்தான் எடுப்பார்கள்.

அவள் செம்பருத்தித் தாள்களை எடுத்தாள். நான் மூடியைத் திறந்து கொடுக்க, அவள் ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரு சொட்டு தாளில் விட்டுப் பார்த்தாள். நான் எண்ணினேன். பத்து. இருபது. தாள் ஊதாவாகவே இருந்தது. முப்பது. ஊதாதான். நாற்பத்திரண்டு.

"எல்லாம் தண்ணிதான்! அப்பாடா, பொழச்சோம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

"அக்கா, நாப்பத்திரண்டும் இங்க இருக்கு. அப்ப அது வெளியில இருக்கு. யாரோ ஒரு பிள்ளை கையில இருக்கு."

கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு வரவில்லை. அவள் ஓட ஆரம்பித்திருந்தாள். படியில் எப்போதும் கைப்பிடியை விடாதவள், இரண்டு இரண்டு படியாகத் தாவினாள். மைதானத்தில் யார் கையிலும் நீல பாட்டில் இல்லை. குழாயடிக்குத் திரும்பினோம்.

குழாயடியின் சிமெண்ட் மேடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வாயே திறக்காததால் வகுப்பில் அவளுக்கு 'மியூட்' என்று பெயர். காலியான பாட்டில்களில் தண்ணீர் பிடித்து வைப்பது அந்த வாரம் அவள் முறை. மடியில் நீல பாட்டிலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

நான் கத்தினேன். "குடிச்சியா?"

இல்லை என்று தலையாட்டினாள். பிறகு, நான் முதன்முதலாகக் கேட்கும் குரலில், "டீச்சர், நான் ஒரு சோதனை பண்ணிட்டேன். நீங்க இல்லாம" என்றாள்.

மேடையில் ஒரு கையகலத்துக்குச் சிமெண்ட் வெளுத்து, ஓரத்தில் நுரை காய்ந்திருந்தது. மேசைக்கு அடியில் கிடந்ததை யாரோ விட்டது என்று தண்ணீர் பிடிக்க எடுத்து வந்தாளாம். திறந்ததும் வாசம் வேறு மாதிரி இருந்ததாம், கையால் விசிறிப் பார்த்தாளாம். கொஞ்சம் கீழே ஊற்றினாளாம், பொங்கியதாம். அதன் பிறகு யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்களோ என்று மடியிலேயே வைத்துக்கொண்டாள். மூன்று பேர் தண்ணீர் கேட்டும் கொடுக்கவில்லை. மூடி சரியாக மூடாமல் வழிந்து, பாவாடை நனைந்து, தொடை சிவந்திருந்தது.

"எரியுதாம்மா?" டீச்சர் கேட்டாள்.

"கொஞ்சம்."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"வெளிய நிக்க வைப்பீங்கன்னு பயமா இருந்துச்சு."

டீச்சர் குழாயைத் திறந்து, அவளைப் பிடித்துக்கொண்டு, தானும் நனைய இருபது நிமிடம் தண்ணீர் விட்டாள். மருத்துவரிடம் காட்டினோம். மேல் தோல்தான், தழும்புகூட இருக்காது என்றார். எனக்கு உயிர் வந்தது. "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல. சத்தம் போடாம விட்டுடு" என்று அவளுக்குப் புத்தி சொன்னேன். அப்படிப்பட்ட புத்தி எனக்கு. அவள் நேராகத் தலைமையாசிரியையிடம் போனாள், பிறகு அந்தப் பெண்ணின் அம்மாவிடம் போனாள். இரண்டு இடத்திலும் நல்ல வசவு வாங்கினாள்.

மறுநாள் எட்டாம் வகுப்பிலிருந்து 'ஜாக்கிரதை' ஒன்றுகூடக் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். அவள் வாசலுக்கு வெளியே, சுவரை ஒட்டி, கை கட்டி நின்றிருந்தாள். உள்ளே பலகையில் அவள் கையெழுத்து: 'தண்ணீர் பாட்டிலில் அமிலம் ஊற்றியது நான். சட்டம் எனக்கும் உண்டு.' நாற்பத்திரண்டு பிள்ளைகளும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெஞ்ச் நகர்ந்தது. மியூட் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"டீச்சர், போதும். உள்ள வாங்க. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்குந்தாம்மா" என்று சொல்லிவிட்டு, டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.