யாரைக் கேட்டுச் சொன்னீர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தபோது கைப்பேசியில் என் நாத்தனாரிடமிருந்து ஏழு செய்திகள் வந்திருந்தன. முதலாவது, "அண்ணி, ஃப்ரீயா?" கடைசியானது, "அண்ணி, அம்மா கிட்ட சொல்லிட்டேன். மனசு கேக்கல." நடுவில் இருந்த ஐந்தையும் படித்து முடிப்பதற்குள் என் காதுமடல் இரண்டும் கொதித்துவிட்டன.

முந்தின நாள் மதியம் நான் ஒரு கம்ப்யூட்டர் கேம் வாங்கியிருந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. நானும் என் கணவரும் ஐந்து மாதமாக யாரிடமும் மூச்சு விடாமல் வைத்திருந்த ஒரு விஷயம் அதனால் வெளியே போய்விட்டது.

விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். இனி மறைக்க ஒன்றுமில்லை. எனக்கு நான்காவது மாதத்தில் கரு கலைந்தது. கர்ப்பமாக இருப்பதையே அதுவரை யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. ஐந்தாவது மாதம் பிறக்கட்டும், சொல்லலாம் என்றிருந்தோம். ஐந்தாவது மாதம் பிறக்கவில்லை. பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் இரண்டு நாள் கிடந்துவிட்டுக் கோரமண்டல் என்ற பழைய சுரங்கக் குடியிருப்பில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தேன். வேலைக்குப் போகாமல் படுத்திருப்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே. மஞ்சள்காமாலை என்று சொன்னோம். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் மாமியார், பேத்தமங்களாவிலிருந்து வரும் ஒரு விவசாயியிடம் சொல்லிவைத்துக் கீழாநெல்லி வரவழைத்து, அரைத்துப் பிழிந்து, தினமும் காலையில் ஒரு டம்ளர் அனுப்பினார். எனக்கு இல்லாத நோய்க்கு அந்தக் கசப்பைப் பதினொரு நாள் குடித்தேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், கணவர் என் தலைமேல் கை வைத்துச் சரி என்றார். சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார், அதை மறுக்கவில்லை.

கேமுக்கு வருகிறேன். கல்யாணமான புதிதில் அவர்தான் எனக்கு விளையாடப் பழக்கினார். ஆறு மாதத்தில் அவரைவிட நன்றாக ஆடினேன். சென்னை, கோயம்புத்தூர், துபாய் என்று மூன்று ஊர்களில் இருக்கும் மூன்று பேரோடு சேர்ந்து ஞாயிறு மதியங்களில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுவேன். ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. மூவரும் என்னை அக்கா என்பார்கள். தொலைவிலிருந்து குறி வைத்துச் சுடுவது என் வேலை. பெங்களூரில் தங்கியிருக்கும், சின்ன வயதிலிருந்தே கேம் ஆடும் என் நாத்தனாருக்கு இதில் பெரிய சந்தோஷம். "எங்க அண்ணி கேமர்" என்று தோழிகளிடம் சொல்லிக்கொள்வாள். நாங்கள் மூன்று பேரும், அவள், அவள் அண்ணன், நான், கேம் விற்கும் அந்த இணையக் கடையில் ஒரே குடும்பக் கணக்காகச் சேர்ந்திருந்தோம். ஒருவர் வாங்கினால் மூவரும் ஆடலாம். சேர்த்துவிட்டவர் என் கணவர். என் பெயரில் வந்த 'சம்மதம்' பொத்தானையும் அவரே அழுத்தினார். நான் அப்போது தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவருக்கு ஷிப்ட். வீட்டில் நான் மட்டும். அந்தக் கேமைப் பற்றி எங்கோ படித்ததிலிருந்து பல நாளாக அது மனதில் இருந்தது. சுடுவது, ஓடுவது எதுவும் அதில் கிடையாது. ஒரு பெண், ஒரு வீடு. குழந்தைக்காகத் தயார் செய்த ஓர் அறையை அவள் காலி செய்ய வேண்டும். ஒவ்வொரு பொருளாக எடுத்து, மடித்து, பெட்டியில் வைக்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது என்பதை நாம் முடிவு செய்யலாம். நாங்கள் எதுவுமே வாங்கியிருக்கவில்லை. ஒரு ஜோடி சாக்ஸ்கூட இல்லை. அதனால் என் வீட்டில் மடித்து வைக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்த மதியம் ஒரு மணி நேரம், திரையில் இருந்த சின்னச் சின்னச் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து மாதத்தில் எனக்கு நல்லது செய்த ஒரே மணி நேரம் அது. பாதியில் மூடிவிட்டு, மீதியை மெதுவாக ஆடலாம் என்று எழுந்தேன்.

அதற்குள் அந்தக் கடை என் பெயரைப் போட்டு, படத்தைப் போட்டு, இன்ன கேமை வாங்கியிருக்கிறார் என்று என் நண்பர்கள் எல்லாருக்கும் அறிவித்துவிட்டது. கேமுக்குக் கீழே அது எதைப் பற்றியது என்றும் போட்டிருக்கிறது: தாய்மை, கருச்சிதைவு, துக்கம். கோயம்புத்தூர்காரர் குழுவில் எழுதியிருந்தார்: "இன்னாக்கா, துப்பாக்கிய கீழ வெச்சிட்டு தொட்டில் ஆட்டப் போறீங்களா?" என்னோடு பேசிப் பேசி எங்கள் ஊர் 'இன்னா' அவருக்கும் தொற்றியிருந்தது. கீழே இரண்டு பேர் சிரித்திருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் சொன்ன சொல் என்பதால் வலி குறைந்துவிடாது.

நாத்தனார் விஷயத்தில் அறிவிப்போடு நிற்கவில்லை. கேமே போயிருக்கிறது. குடும்பக் கணக்கு அல்லவா. அவள் அதை இறக்கி, ராத்திரியோடு ராத்திரியாக ஆடி முடித்திருக்கிறாள். அண்ணி எதற்கு இதை வாங்கினாள் என்று யோசித்திருக்கிறாள். ஐந்து மாதத்துக்கு முந்தைய மஞ்சள்காமாலையைக் கணக்குப் போட்டிருக்கிறாள். கெட்டிக்காரி. கண்டுபிடித்ததும் என்னைக் கேட்கவில்லை, அண்ணனைக் கேட்கவில்லை. நேராகத் தன் அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். அந்த ஏழு செய்திகளில் ஒன்று இது: "எண்டிங் ரொம்ப அழகு அண்ணி. அவ எல்லாத்தையும் ஜன்னல் வழியா பாக்குற மாதிரி முடியும். நல்லா அழுதுட்டேன்." நான் பாதிதான் ஆடியிருந்தேன். முடிவையும் எனக்கு அவளே சொல்லிவிட்டாள்.

அவளைக் கூப்பிட்டுப் பேசலாம் என்று எண்ணை அழுத்தும்போதே வாசலில் ஆட்டோ நின்றது. மாமியார். கையில் எலுமிச்சம்பழமும் மஞ்சள் கயிறும்.

"இன்னாம்மா இது? இவ்ளோ பெரிய விஷயத்த மூடி வெச்சிகினு கீறியே" என்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உள்ள வாங்க அத்தை" என்றேன்.

"தெனமும் கீழாநெல்லி அரைச்சிக் குடுத்தேனே. சொல்லியிருந்தா அந்த ஒடம்புக்குத் தக்கன வேற பத்தியம் பண்ணிக் குடுத்திருப்பேனே. காமாலைன்னு நம்பிகினு எண்ணெய்கூட சேக்காம சமைச்சி அனுப்பினேன்."

அதில் நியாயம் இருந்தது. அதனால் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. நியாயமில்லாதவர்களிடம் சண்டை போடுவது சுலபம். என் கையைப் பிடித்து அவரே கயிற்றைக் கட்டினார். சித்தூர்ப் பக்கம் ஒரு கோயில் இருக்கிறது, வேண்டிக்கொண்டால் அடுத்த வருஷமே பலன் என்று தன் தங்கை சொன்னதாகச் சொன்னார்.

"உங்க தங்கச்சிக்கும் சொல்லிட்டீங்களா?"

"அவ யாரு, வெளி ஆளா? உங்க அம்மாவுக்கும் போன் பண்ணிட்டேன். பெத்தவ, அவளுக்குத் தெரியாம இருக்கலாமா?"

நான் பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை செய்கிறேன். கையெழுத்து இல்லாமல் ஒரு கோப்பு என் அலமாரியை விட்டு நகராது. பெண்டாட்டியின் கோப்பைக் கேட்டு வரும் புருஷனையும், மகளின் கோப்பைக் கேட்டு அழும் அம்மாவையும் வெறும் கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் விடியற்காலை ரயில் ஏறிப் போய் மற்றவர்களின் ரகசியத்தைக் காப்பவள் நான். என் ரகசியம் காலைப் பலகாரத்துக்கு முன் மூன்று வீடு சுற்றி வந்துவிட்டது.

"யாரக் கேட்டு சொன்னீங்க?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. கல்யாணமான ஏழு வருஷத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் என்னையே பார்த்தார். பிறகு எலுமிச்சம்பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "ஒடம்பப் பாத்துக்கோ" என்று ஒரே வார்த்தை சொல்லிப் போய்விட்டார்.

என் அம்மா இருப்பது பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸில். ஆட்டோவில் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் என்ன சொல்வது என்று யோசித்தேன், ஒன்றும் வரவில்லை. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வா" என்றார். "சம்பந்தியம்மா எல்லாம் சொன்னாங்க."

"அம்மா..."

"நான் இன்னா, ஊரெல்லாம் டமாரம் அடிக்கிறவளா? எனக்குத் தெரியக்கூடாதுன்னு வெச்சியே. என் பொண்ணு ஆஸ்பத்திரில கெடந்தத பாத்திரக்கடைக்காரம்மா சொல்லி நான் கேக்கணுமா?"

அந்த வீட்டுக்கு நானே வந்து, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, நானே சொல்லியிருப்பேன். என்றைக்கு என்று தெரியாது. ஆனால் சொல்லியிருப்பேன். எப்படித் தொடங்குவது என்றுகூடச் சில தடவை ரயிலில் மனதுக்குள் பேசிப் பார்த்ததுண்டு. அந்த நாளை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். இதைச் சொல்லி அம்மாவுக்குப் புரியவைக்க எனக்குத் தெம்பில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அத்தனை வெங்காயத்தையும் உரித்து முடித்தோம். கிளம்பும்போது, "ஆணா பொண்ணான்னு தெரிஞ்சிதா?" என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கணவர் வந்தார். நடந்ததைச் சொன்னேன். லேப்டாப்பைத் திறந்தார். என் கணக்கில் அந்தக் கேமின் பெயர்மேல் வைத்து எதையோ இரண்டு தடவை அழுத்தினார். "முடிஞ்சிது. இனிமே யாருக்கும் தெரியாது. எங்களுக்கும் வராது. பிரைவேட் பண்ணிட்டேன்" என்றார்.

"இது முன்னாடியே இருக்குதா?"

"இருக்குது."

"உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றார், லேப்டாப்பை மூடிக்கொண்டே.

"உங்க கேம் எதையாவது இப்படி மறைச்சி வெச்சிருக்கீங்களா?"

"ரெண்டு மூணு" என்றார். "அது சும்மா... ஒண்ணுமில்ல, விடேன்."

என்ன கேம் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அவர் எதை ஆடினாலும் அது அவர் பாடு. ஆனால் வீட்டுக்கு ஒரு கதவு இருக்கிறது, அதற்குத் தாழ்ப்பாளும் இருக்கிறது என்று தெரிந்தவர், தனக்கு மட்டும் போட்டுக்கொண்டு என்னைத் திறந்த வெளியில் உட்காரவைத்திருக்கிறார். கெட்ட எண்ணம் இல்லை, தோன்றவில்லை என்றார். தோன்றவில்லை என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தனக்கென்றால் தோன்றியதே. எனக்கு மறைக்க ஒன்றும் இருக்காது என்று நினைத்திருக்கிறார். அவர் கையை என் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கிய பிறகும்.

அன்றைக்கே குடும்பக் கணக்கிலிருந்து விலகினேன். இந்தத் தடவை பொத்தானை நானே அழுத்தினேன்.

அடுத்த ஞாயிறு நாத்தனார் ரயிலேறி வந்தாள். வந்ததும் என்னைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தாள். நான் நகர்ந்துகொண்டேன்.

"அண்ணி, நான் தேடிகினு போவல. அதுவா என் ஸ்க்ரீன்ல வந்துச்சு. சும்னே, சும்மாதான் ஓப்பன் பண்ணேன். நிஜமா உங்க மேல கவலையிலதான்..."

"கண்ணுல பட்டது உன் தப்பில்ல" என்றேன். "வாயில வந்தது உன் தப்பு. கவலைப்பட்டவ எனக்கில்ல போன் பண்ணியிருக்கணும்?"

"உங்க கிட்ட எப்படிக் கேக்குறதுன்னு தெரியல."

"தெரியலன்னா சும்மா இருக்கணும்."

அவள் அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை. சமையலறைக்குப் போய் எனக்கு மட்டும் டீ போட்டுக் குடித்தேன். சின்னத்தனம்தான். கணவர் வந்து, "பாவம், சின்னப் பொண்ணு" என்றார். அவளுக்கு இருபத்தாறு வயது. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தவள், தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டாள். நான் விலகியதும் என் கேம்கள் எல்லாம் அவளிடமிருந்து போய்விட்டனவாம். அதில் ஒன்றை அவள் நாற்பது மணி நேரம் ஆடியிருந்தாளாம், கடைசிக் கட்டத்தில் இருந்தாளாம். திரும்பச் சேர முடியுமா?

முடியாது என்றேன். சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைப் பொய்யாக மூடி எழுத விரும்பவில்லை.

நண்பர்கள் குழுவில் கோயம்புத்தூர்காரரிடம் நானே சொன்னேன். அந்தக் கேமை ஏன் வாங்கினேன் என்று இரண்டு வரியில் எழுதினேன். அரை நாள் கழித்து அவர் போன் செய்தார். அதற்குமுன் நாங்கள் போனில் பேசியதே இல்லை. "அக்கா, என்னைச் செருப்பால அடிங்க" என்றார். அவர்மேல் இருந்த கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாரும் விளக்கம் சொன்னார்கள்.

மாமியார் இப்போது அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஆனால் பஜாருக்குப் போனால் அவர் தங்கை என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் வயிற்றைப் பார்க்கிறார். அம்மா மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை, பேச்சுவாக்கில், இன்னும் தனக்குத் தெரியாதது ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். கேட்கும்போது சிரிக்கிறார். சிரிப்பு கண்ணுக்கு ஏறுவதில்லை.

அந்தக் கேமை நான் முடிக்கவில்லை. ஒரு தடவை திறந்தேன். பாதி காலியான அந்த அறையும் ஜன்னலும் தெரிந்தன. ஜன்னலைப் பார்த்ததும் நாத்தனாரின் செய்திதான் ஞாபகம் வந்தது. மூடிவிட்டேன்.

கோபம் இன்னும் போகவில்லையா என்று கணவர் போன வாரம் கேட்டார். போகவில்லை என்றேன். எப்போது போகும் என்று கேட்டார். தெரியாது, போனால் நானே சொல்கிறேன், அதற்குள் யாரிடமும் சொல்லி வைக்க வேண்டாம் என்றேன்.