வாப்பாவின் சாரனில் ஒரு களிசான்

இதைக் கேட்டு உனக்கு என்ன ஆகப்போகிறது? உலை வைத்தாயா, வீடு கூட்டினாயா? பந்தடித்த கதை என்றதும் காதைத் தீட்டிக்கொண்டு வந்துவிட்டாய். சரி, இரு.

என்னைக் கட்டிய மனிதர் எங்கள் ஊர்க் கழகத்துக்கு பெக் ஆடினார். கோல் கம்பத்துக்கு முன்னால் நின்று, வருகிறவனை எல்லாம் மறிக்கிற வேலை. எழுபதுகளின் கடைசி அது. சீனி சுற்றி வந்த பத்திரிகைத் தாளில் இங்கிலாந்து பெக் ஒருவனின் படத்தைக் கண்டு, அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்தார். பந்தை மறிப்பதற்கே அந்த வெள்ளைக்காரனுக்குச் சம்பளமாம். இவருக்குக் கிடைத்தது முழங்கால் வீக்கம். ஆனாலும் ஆடாத கிழமை சோறு இறங்காது.

என்னைப் பெற்ற வாப்பா அந்தப் படத்தைப் பார்த்தார். வெள்ளைக்காரனின் களிசான் பாதித் தொடைக்கு மேலேயே நின்றுவிட்டிருந்தது.

"இப்படித் தொடையக் காட்டிக்கிட்டு ஓடுறவன் இந்த ஊட்டுக்குள்ள கால் வைக்கப்படாது."

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வீட்டைப் பெண்ணின் பேரில் எழுதிக் கொடுப்பார்கள். இவர் வாய் திறக்காமல் பூட்ஸைத் தூக்கிப் பரணில் போட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"வாப்பா, ஊடு ஆருட பேர்ல?"

"உன்ட பேர்ல. அதுக்கு?"

"அப்ப ஆரு கால் வைக்கிறதெண்டு நான் சொல்றன். தொடைதானே தெரியப்படாது? மூடித் தாறன்."

கொடியில் வாப்பா இடுப்பில் கட்டுகிற கட்டம் போட்ட சாரன் காய்ந்துகொண்டிருந்தது. மருதமுனை நெசவு, நல்ல தடிப்பு. அதை வெட்டி, முழங்காலுக்குக் கீழே இறங்குகிற களிசான் தைத்தேன். அகலம் கொஞ்சம் கூடிவிட்டது. உள்ளே ஒரு மூட்டை நெல் கொட்டலாம்.

பெண்கள் மைதானத்துக்குப் போவதில்லை. சாச்சியின் வீட்டு வளவு மைதானத்தை ஒட்டியிருந்ததால், கிடுகு வேலி ஓட்டையில் கண்ணை வைத்து நின்றேன். இவர் இறங்கியதும் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கோல் அடிக்க வந்த பக்கத்து ஊரான், அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, "காக்கா, தொழுகைக்கா வந்தீங்க?" என்றான்.

கடைசி நேரம். நாங்கள் ஒரு கோல் முன்னால். அதே ஆள் பந்தை இவருடைய இரண்டு காலுக்கும் நடுவே தட்டிவிட்டான். போய்விட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், தொங்கிய களிசான் துணியில் பந்து மோதி அங்கேயே கிடக்கிறது. இவர் அதைத் தூக்கி அடித்தார்.

கூட்டத்தில் ஒரு குரல் கத்தியது: "அது என்ட சாரன்டா!"

மருமகனை இழுத்து வரப் போயிருந்த வாப்பாதான்.

வீட்டுக்கு வந்தவர், "மத்தச் சாரனத் தொட்டுறாத" என்று மட்டும் சொன்னார். எண்பதுகளில் முழங்கால் கைவிடும்வரை இவர் அதே களிசானோடு ஆடினார்.

ஆட்டம் முடிந்த அன்றைக்கே பக்கத்து வீட்டுக்காரிகள் வேலிக்கு வந்துவிட்டார்கள்.

"வாப்பா மனமிரங்கி உட்டுட்டாராமே?"

"அவரு ஆரு உடுறத்துக்கு? ஊடும் என்ட, மனிசனும் என்ட. சாரன் மட்டுந்தான் வாப்பாட" என்றேன்.