குச்சனூர் போனால் நேரே வீடு

பெண் பார்க்க வருகிறவர்கள் சாயங்காலம் வந்து, கேசரி சாப்பிட்டு, ஆறு மணிக்குள் கிளம்பிவிடுவார்கள். இதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டு குடும்பமும் அப்படித்தான் வந்தது. "போன் பண்றோம்" என்று போனவர்கள்தான், இன்றுவரை மணி அடிக்கவில்லை. அதனால் என் மகள் சொல்லிவிட்டாள்: "இதான்மா கடைசி. இனிமே யாரு முன்னாலயும் காபித் தட்டத் தூக்கிக்கிட்டு நிக்க மாட்டேன்." சொன்னால் சொன்னதுதான். என் வயிற்றில் பிறந்தவளாயிற்றே.

மூன்றாவதாக அமைந்தது மதுரைப் பையன். அவனுடைய அம்மா, மகனோடு தேக்கடியில் படகு ஏறிவிட்டு, வழியில் உள்ள பழைய ஊர்களையும் கோயில்களையும் பார்த்துக்கொண்டே சின்னமனூரில் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். கூட இருந்து சுற்றிக் காட்டுவது எங்கள் பொறுப்பு. மகள் வீட்டில் இருந்தாள்.

என் வீட்டுக்காரருக்கு வாழைக்காய் மண்டியில் பத்து வார்த்தைக்கு மேல் பேச வராது. அன்றைக்குப் பார்த்து வாயைத் திறந்தவர் மூடவே இல்லை. ஏரிக்குள் கருத்து நிற்கும் பட்டமரங்களைக் காட்டி, இந்தத் தண்ணீர்தான் மலையைக் குடைந்து இறங்கி எங்கள் வயலுக்கு வருகிறது என்று, ஏதோ தானே குடைந்த மாதிரி சொன்னார். யானை ஒன்றும் வரவில்லை. அதற்கும் அவரே மன்னிப்புக் கேட்டார்.

அந்த அம்மா எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார். படகில் என் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க மகளுக்குக் கோவம் வருமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "வரும். எனக்கு வர்றதுல பாதி வரும்" என்றேன். அவர் மறுபடியும் தண்ணீரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன்.

மலையிறங்கிக் கம்பம் தாண்டி உத்தமபாளையம் கோயிலைப் பார்த்தோம். அங்கும் தலையாட்டல்தான். சின்னமனூருக்கு வந்தால் கோயில் நடை சாத்தியிருந்தது. திறக்க நேரம் கிடக்கிறது. பாண்டியர் காலத்துச் செப்பேடு கிடைத்த ஊர் என்று வெளியிலேயே நின்று கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தார் என் வீட்டுக்காரர். பேச்சு தீர்ந்துபோனதும், "இன்னைக்குச் சனிக்கிழம. பக்கத்துலதான் குச்சனூரு. ஒரு எட்டு சனீஸ்வரனப் பாத்துட்டு வந்துருவமே" என்றார்.

எனக்கும் அதில் தப்பு ஒன்றும் தோன்றவில்லை. போனோம். எள் விளக்குப் போட்டோம், காக்கைக்குச் சோறு வைத்தோம். வெளியே வந்தபோது விளக்கு விற்கிற அம்மா, வருகிறவர்கள் எல்லாருக்கும் சொல்வதைப்போல எங்களுக்கும் சொன்னார்: "வேற யாரு வீட்டுக்கும் போயிராதீக தாயி. நேரா உங்க வீட்டுக்குப் போயிச் சேருங்க."

எனக்குப் பகீரென்றது. சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு இன்னொருவர் வீட்டுப் படி ஏறக் கூடாது. இது எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். நாங்கள் மாதத்துக்கு ஒரு தடவை குச்சனூர் போய்விட்டு நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவோம், அதனால் இப்படி ஒரு விதி இருப்பதை நினைக்க வேண்டியே வந்ததில்லை. கூட வந்திருப்பவர்களுக்கு எங்கள் வீடு இன்னொருவர் வீடு என்பது அப்போதுதான் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் உறைத்தது.

என் வீட்டுக்காரர் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்தவர் நிமிரவே இல்லை. அவரை அங்கேயே நாலு கேள்வி கேட்டிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். வீட்டில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் போய் என்ன சொல்வது? சனீஸ்வரன் திருப்பி அனுப்பிவிட்டான் என்றா?

எல்லாரும் காரில் ஏறினோம். பையன்தான் ஓட்டினான். வண்டியைக் கிளப்பாமல், "அப்ப மதுரைக்கே போயிரலாமாம்மா? இன்னொரு நாள் வருவோம்" என்று மெதுவாகக் கேட்டான். அவன் முகமும் விழுந்துதான் கிடந்தது. இன்னொரு நாள் என் மகள் நிற்க மாட்டாள் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

பையனின் அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன்டா, அவுக என்ன சொன்னாக? நேரா நம்ம வீட்டுக்குத்தான போகச் சொன்னாக? சின்னமனூருக்கு வண்டிய விடு. இன்னையிலருந்து அதுவும் நம்ம வீடுதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மதினி, கோவம் வராத பொம்பளய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? என் மகன் வாயில்லாப் பூச்சி. வழியச் சொல்லுங்க."

பிறந்ததிலிருந்து அறிந்த ஊர். இருந்தும் கையை மட்டும்தான் காட்டினேன். முன் சீட்டில் என் வீட்டுக்காரர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவரைக் கேட்க வைத்திருந்த நாலு கேள்வியும் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன். காலையிலிருந்து முதுகைச் சாய்க்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

போன் அடித்தது. மகள்.

"எங்கம்மா இருக்கீக? அவுக வர்றாகளா இல்லையா? எத்தன பேருக்குப் பஜ்ஜி போட?"

"வீட்டு ஆளுக எல்லாத்துக்கும் போடு ஆத்தா" என்றேன்.