பனிக்காலத்தில் கேட்ட சில்வண்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, மொன்றியலில் லாசால் பகுதியில் ஒரு வீட்டின் மேல்மாடிக்கு நாங்கள் வாடகைக்குப் போன முதல் குளிர்காலத்தில் நடந்தது இது.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை என்று நம்மவர்கள் சொல்வார்கள் அல்லவா? எங்கள் வீட்டில் அந்த ஓணான் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கின் கீழே படுத்துக் குளிர் காய்ந்துகொண்டிருந்தது. மகளின் வகுப்பில் வளர்த்த ஆஸ்திரேலிய ஓணான் அது. கழுத்தைச் சுற்றித் தாடிபோல முள். ஆசிரியை வேறு ஊருக்குப் போகும்போது, யார் இதைக் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். என் அருமை மகள் கையைத் தூக்கிவிட்டாள். சுவர்ப்பல்லியைக் கண்டாலே கதிரையில் ஏறி நிற்கிற நான், ஒரே வருடத்தில் அதற்குக் கீரை அரிந்து கொடுக்கிற நிலைக்கு வந்திருந்தேன். மஞ்சள் நிறம் என்பதால் மகள் அதற்கு சித்ரோன் என்று பிரெஞ்சில் எலுமிச்சம்பழப் பெயர் வைத்திருந்தாள்.

அந்த வருடம் பழைய வீட்டுக்காரர் தன் மகனுக்கு வீடு வேண்டும் என்றுவிட்டார். இங்கே யூலை முதலாம் திகதி பாதி ஊரே வீடு மாறும். அதற்குள் பிடிக்காவிட்டால் நடுத்தெருதான். உண்மையைச் சொல்லித்தான் முதலில் தேடினோம். பக்கத்து ஊரான லவாலில் ஒரு அம்மா, "ஓணானோ? எனக்கு அதுவும் பாம்பும் ஒண்டுதான்" என்று கதவருகிலேயே அனுப்பிவிட்டார். இன்னொருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார், இன்றுவரை யோசிக்கிறார். யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்று கணவர் சொன்ன அன்று மகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். யூனும் முடியப்போகிறது. எனக்கு நித்திரை போய்விட்டது.

அப்போதுதான் இந்த வீடு. கீழ்வீட்டில் வீட்டுக்காரரும் மனைவியும். அவருக்கு எழுபதுக்குக் கிட்ட, மன்னார்ப் பக்கம். அன்ரிக்குக் காது கேட்பது குறைவு, மெசின் போட்டிருந்தார்.

"நாய், பூனை ஏதும் வச்சிருக்கிறியளோ?" என்று கேட்டார் அவர்.

"இல்லை அங்கிள்."

"அப்ப சரி. எனக்கு வீட்டுக்குள்ள மிருகம் ஒண்டும் சரிவராது, பிள்ளை. பேப்பரிலயும் கிடக்கு. வாசிச்சுப் போட்டுக் கையெழுத்து வையுங்கோ."

கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பேனையைப் பார்த்தேன். நாயும் பூனையும் இல்லை என்பது உண்மைதானே என்று எனக்குள் ஒரு அப்புக்காத்து வாதாடினார். கையெழுத்து வைத்துவிட்டேன்.

வீடு மாறிய அன்று கண்ணாடிப் பெட்டியைப் போர்வையால் சுற்றி, தொலைக்காட்சி என்று சொல்லி ஏற்றினோம். கனம் என்று கண்டு வீட்டுக்காரரே ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தார். "கவனம், ரீவி உடைஞ்சுபோம்" என்று எங்களுக்கே புத்தி சொன்னார். ஓணான் ஒரு அட்டைப்பெட்டிக்குள், காரில், என் மடியில் இருந்தது. பழமொழி சொன்னவர் என்னை நினைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அதன் பிறகு எங்கள் வாழ்க்கை படிச்சத்தத்தை வைத்து ஓடியது. படியில் காலடி கேட்டால் பெட்டிக்கு மேல் போர்வை விழும். திரைச்சீலை பகலிலும் மூடியிருக்கும். மகளின் சிநேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினேன்.

ஓணானுக்குச் சாப்பாடு சில்வண்டு. கடையில் உயிரோடு பெட்டியில் விற்பார்கள். தை மாதம் ஒரு பின்னேரம் புகை அலாரத்துக்கு பற்றரி மாற்றவென்று வீட்டுக்காரர் சொல்லாமல் கதவைத் தட்டினார். சில்வண்டுப் பெட்டி குசினி மேசையில் கிடந்தது. அவசரத்தில் அதைக் கழுவுதொட்டிக்குக் கீழே தள்ளிவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அவர் போன பிறகு பார்த்தால் மூடி திறந்து கிடக்கிறது. சுவருக்குள் குழாய் போகிற ஓட்டையைச் சுற்றிக் கடைசி இரண்டு சில்வண்டுகள் நின்றன. மற்றவை எல்லாம் உள்ளே போய்விட்டன. அந்தக் குழாய் நேரே கீழ்வீட்டுக் குசினிக்குத்தான் போகிறது.

குளிரில் செத்துவிடும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். சுவருக்குள் வெந்நீர்க் குழாய் போவது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இரண்டு கிழமை கழித்து அவர் மேலே வந்து வாசலில் நின்றார். முகம் வாடியிருந்தது.

"பிள்ளை, உங்களுக்கு ஏதும் சத்தம் கேக்குதோ? சில்வண்டு கத்துற மாதிரி?"

கேட்டுக்கொண்டிருக்கும்போதே படிப்பக்கச் சுவருக்குள் ஒன்று கிரீச் என்று ஆரம்பித்தது. தெளிவாக, ஊரில் மழை விட்ட நேரத்தில் கேட்பதுபோல.

"இந்தா! இப்ப கேக்குதோ?" என்று என் கண்ணையே பார்த்தார்.

"இல்லை அங்கிள். ஒண்டும் கேக்கேல்ல."

அவர் தலையை ஆட்டினார். "அவவுக்கு மெசின் போட்டாலும் இந்தச் சின்னச் சத்தம் கேளாது, கழட்டினா இடி விழுந்தாலும் கேளாது. எனக்கு ஷெல் சத்தத்தில பழுதான காது ஒண்டு. ஆனா இது காதின்ர பிழையில்லைப் போல. என்ர அப்புவுக்கும் கடைசியில இல்லாத சத்தம் எல்லாம் கேட்டது. சரி பிள்ளை, குறை நினையாதேங்கோ."

அவர் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்குவதைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இப்போது சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. மாசிப் பனியில் பிள்ளையோடு எங்கே போய் வீடு தேடுவது என்ற பயம் அதன் வாயை அடைத்தது.

அடுத்த கிழமை அன்ரி உடுப்புக் கூடையோடு என்னைப் படியில் மறித்தார். "இவருக்குத் தலையை ஸ்கான் எடுக்க டொக்ரர் எழுதிப்போட்டார். மண்டை பிழைச்சவன் கார் ஓடக் கூடாதெண்டு இவர் தானாவே கார்த் திறப்பையும் என்னட்டத் தந்திட்டார். எனக்கு ஓடத் தெரியாது. நான் அதை வச்சு என்ன செய்ய?" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். இரண்டு பேரும் பூசைக்குப் போக பஸ் தரிப்பிடத்துக்கு நடந்துகொண்டிருந்தார்கள். பாதையெல்லாம் கண்ணாடிபோல உறைந்திருந்தது. அவர் சறுக்கி முழங்காலில் விழுந்தார். அன்ரி தூக்கப் பார்த்துத் தானும் தடுமாறினார். வாசலில் அவருடைய கார் பனி மூடிச் சும்மா நின்றது.

எனக்கு என்மேல் அருவருப்பு வந்தது. வேறு சொல் இல்லை.

"சொன்னா, இந்தக் குளிருக்க எங்கயப்பா வீடு தேடுறது?" என்றார் கணவர். "தெரியாது" என்றேன். அவர்கள் திரும்பி வந்ததும் கீழே போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

நடந்தது நான் எதிர்பார்க்காதது. அவர் என்னை நம்பவில்லை.

"என்னைத் தேத்திறதுக்கு இப்பிடிக் கதை சொல்ல வேண்டாம், பிள்ளை. ஓணானாம், சில்வண்டாம்! உங்களுக்கு நல்ல மனசு" என்று கதிரையில் சாய்ந்தார்.

நல்ல மனசாம். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு நிற்க முடியவில்லை. மேலே ஓடினேன். ஓணானைச் சால்வையில் சுற்றி ஒரு கையில், புதிதாக வாங்கியிருந்த சில்வண்டுப் பெட்டியை மறு கையில் எடுத்துவந்து அவர் மேசையில் வைத்தேன். மூன்று பேரும் பெட்டியைப் பார்த்தபடி காத்திருந்தோம். அன்ரி ஓணானைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள் ஒன்று கத்தியது.

அவர் பெட்டியைத் தூக்கி நல்ல காதில் வைத்தார். "இதுதான்" என்றார். பிறகு மனைவியின் மெசினுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினார், "இஞ்சேரும், எனக்கு விசரில்லை, மண்டை பிழைக்கேல்ல!" அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

பெட்டியைக் கீழே வைத்தபோது சிரிப்பு நின்றிருந்தது.

"அண்டைக்கு வாசல்ல வச்சு நான் கேக்கேக்க, உமக்கும் கேட்டதோ?"

"கேட்டது, அங்கிள்."

அவர் சில்வண்டுப் பெட்டியை என் பக்கமாகத் தள்ளினார். "மேல போங்கோ. பேந்து கதைப்பம்."

பிறகு என்ற அந்தப் 'பேந்து' ஒன்பது நாள் நீண்டது. சாமான்களை எந்தப் பெட்டியில் கட்டுவது என்றுகூடக் கணக்குப் போட்டுவிட்டேன். அவருடைய கார் மட்டும் மறுநாளே பனி தட்டி ஓடத் தொடங்கியிருந்தது. பத்தாம் நாள் ஜாம் போத்தல் ஒன்றோடு மேலே வந்தார். உள்ளே ஒரு சில்வண்டு.

"பிறிஜ்ஜுக்குப் பின்னால நிண்டவர். உங்கட ஆள், பிடியுங்கோ." பிறகு ஓணானுக்கு முன்னால் குனிந்து நின்றார். "ஊரில இவருக்கு நாங்கள் ஈர்க்கில சுருக்கு வச்சனாங்கள். இஞ்ச ஹீற்றர் போட்டுப் படுத்திருக்கிறார்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இருக்கட்டும். ஆனா இனி நான் ஒண்டு கேட்டா உள்ளதைச் சொல்லோணும், பிள்ளை. அவ்வளவுதான்."

அன்றோடு ஓணானுக்குச் சத்தம் போடாத புழுதான் சாப்பாடு. மூன்று வருடமாகச் சில்வண்டு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

போன மாதம் ஒரு பின்னேரம் கூப்பிட்டார். "பிள்ளை, திரும்பக் கேக்குது. உங்கட ஆக்களோ?" குரலில் சிரிப்பு இருந்தது. ஓம் என்ற பதிலை எதிர்பார்க்கிற சிரிப்பு.

கீழே போனேன். அவருடைய குசினியில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். சுவரில் காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. "இப்ப கேக்குதோ?" என்று அன்றுபோலவே என் கண்ணைப் பார்த்தார். ஓம் அங்கிள், ஒன்று தப்பி வந்துவிட்டது என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் அன்றைக்கு அவர் நிம்மதியாகத் தேநீர் குடித்திருப்பார்.

"இல்லை அங்கிள். எனக்குக் கேக்கேல்ல. எங்களிட்ட இப்ப அதுகளும் இல்லை."

அவர் மெல்ல உட்கார்ந்தார். சந்தேகப்படவில்லை, மறுபடி கேட்கவும் இல்லை. "அப்ப டொக்ரருக்குப் போன் அடிப்பம்" என்று சொல்லி, கார்த் திறப்பை எடுத்து என் பக்கமாக மேசையில் நகர்த்தினார்.

வருகிற வியாழக்கிழமை நான்தான் அவரை அவருடைய காரிலேயே டொக்ரரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். அங்கே என்ன சொல்வார்களோ தெரியாது. ஒருமுறை பொய்யாகச் சொன்ன அதே வாயிலிருந்து வந்த 'இல்லை'யை அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் நம்பியதை நினைத்தால், அந்த நம்பிக்கைக்குத் தகுதியாக இருப்பதுதான் நான் இந்த வீட்டுக்குக் கொடுக்கிற உண்மையான வாடகை என்று தோன்றுகிறது.