அத்தானோடு போருக்கு ஒரு காரணம்

சமாதான காலம் என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்கிற அந்த மூன்று நான்கு வருஷங்களில் நான் போர்த்துக்கல்லை ஆண்டுகொண்டிருந்தேன். வேலணைத் தீவில், கணக்கு வாத்தியார் வீட்டு முன்னறையில், பள்ளிக்கூடம் விட்டபின், கரண்ட் நிற்கும்வரை.

கணக்கு வாத்தியாருக்கு லண்டனிலிருந்த தம்பி கொம்பியூட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தான். பரீட்சைப் பேப்பர் அடிக்கத்தான் என்று சொன்னார். அதோடு யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் வாங்கிய சீடி ஒன்றும் வந்தது. அட்டையில் வாளோடு ஒருவர் நின்றதால் வெட்டுக்குத்து விளையாட்டு என்று நினைத்தோம். போட்டால் ஒரு தேசப்படம் வந்தது. ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய உலகம். ஒரு நாட்டைத் தெரிந்தெடுத்து, வரி வாங்கி, படை சேர்த்து, இரண்டு மூன்று நூற்றாண்டு அரசாள வேண்டும். நான் சரித்திரம் படிப்பிக்கிறவன். எங்களைப் பிடித்தவர்கள் எப்படிப் பிடித்தார்கள் என்று உள்ளேயிருந்து பார்க்கலாமே என்று போர்த்துக்கல்லை எடுத்தேன். படத்தில் இலங்கை ஒரு புளியங்கொட்டை அளவு இருந்தது. யாழ்ப்பாணம் இருந்தது. தீவுகள் இல்லை. நாங்கள் கதிரை போட்டு இருந்த இடத்தில் கடல் நீலமாகக் கிடந்தது.

அந்த விளையாட்டின் விசித்திரம், நினைத்தவுடன் ஒருவரையும் லேசில் அடிக்க முடியாது. பக்கத்து நாட்டின்மேல் படையை ஏவப் போனால் ஒரு பெட்டி திறந்து, உன்னிடம் காரணம் இல்லை என்று எச்சரிக்கும். பழைய உரிமை, அரச குடும்பத்து வாரிசுப் பிரச்சினை, மதம், அவமானம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதிலொன்று கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உண்டாக்கலாம். ஆளனுப்பி, பொய்ப் பத்திரம் எழுதுவித்து, மாதக்கணக்கில் காத்திருந்தால் அந்த நிலம் பாட்டன் காலத்திலேயே உன்னுடையது என்று ஒரு காரணம் தயாராகிவிடும். ஆள் பிடிபட்டால் மட்டும் விஷயம் தலைகீழாகும். உன்மேல் பாய எதிராளிக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

எனக்கு இது பிடிபடவேயில்லை. போருக்கு உடனடிக் காரணம் ஒன்று, அடிப்படைக் காரணங்கள் ஐந்து என்று இருபது வருஷமாகப் பிள்ளைகளைப் பாடமாக்க வைத்தவன் நான். எங்கள் பள்ளிக்கூட வாசலிலிருந்து பார்த்தால் ராணுவக் காவலரண் தெரியும். அதற்கு உடனடிக் காரணம் எது, அடிப்படைக் காரணம் எது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லியிருப்பேன்.

கணக்கு வாத்தியாருக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை.

"சும்மா அடியும் மாஸ்ரர்."

"காரணம் இல்லை எண்டெல்லோ போட்டிருக்கு."

"காரணமில்லாமல் அடிச்சாலும் அடி அடிதானே."

அவர் தன் முறையில் ஒஸ்ரியா நாட்டை அப்படித்தான் ஆண்டார். காரணமில்லாமல் அடித்தால் சொந்தச் சனமே அரசனை நம்பாது. ஊருக்கு ஊர் கலகம் வரும். வந்தது. அவர் ஒரு பக்கம் நாடு பிடித்துக்கொண்டும் மறுபக்கம் கலகம் அடக்கிக்கொண்டும் சந்தோஷமாக இருந்தார். நான் தகுந்த காரணத்துக்காகக் காத்திருந்து, நாற்பது வருஷ ஆட்சியில் ஒரு முழ நிலமும் கூட்டாமல், மீன் வித்துச் சீவித்தேன்.

இந்த நேரத்தில்தான் அக்காவின் மகளுக்குக் கலியாணம் ஒப்பேறியது. மாப்பிள்ளை கனடாவிலிருந்து வந்து நின்றார். நான் அவளுடைய ஒரே தாய்மாமன். கலியாணத்துக்கு முன் கன்னிக்கால் ஊன்ற முள்முருக்கந் தடி வெட்டிக் கொடுப்பது எங்கள் குடும்பத்தில் தாய்மாமன் வேலை. மரமும் என்னுடைய வேலியில்தான் நின்றது. ஆனால் அக்காவின் புருஷனுக்கும் எனக்கும் ஏழு வருஷமாகக் கோபம். வீடு வந்து வாயால் சொல்லாத கலியாணத்துக்கு எங்கள் ஊரில் ஒருவரும் போகமாட்டார்கள். கோபக்காரர் வீட்டுக்குச் சொல்லவும் வரமாட்டார்கள். நான் தூக்கித் திரிந்த பிள்ளை. என் வீட்டு ஒழுங்கையால் போகும்போது சைக்கிளை மெதுவாக்கி உள்ளே பார்த்துக்கொண்டு போவாள். அவளுடைய கன்னிக்காலுக்கு வேறொருவர் வேறொரு வேலியில் தடி வெட்டப்போகிறார் என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கணக்கு வாத்தியாரிடம் சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்.

"சமாதானம் கேக்கப் போறீரோ?"

"வேற என்ன செய்யிறது?"

"அப்ப சண்டைக்கு என்ன காரணம் எண்டு முதல் பாரும். எந்தக் காரணத்தில சண்டை தொடங்கினதோ, அதுக்குள்ள நிண்டுதான் சமாதானத்தில ஒண்டைக் கேக்கலாம். இந்த விளையாட்டில அப்பிடித்தானே."

"என்ன காரணமெண்டு எனக்குத் தெரியாது."

அவர் முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏழு வருஷமாச் சண்டை பிடிக்கிறீர். காரணம் தெரியாதோ? என்னைப் பாத்து விசரன் எண்டு சிரிச்சனீரெல்லோ."

உண்மைதான். இடம்பெயர்ந்து போயிருந்த நாங்கள் தொண்ணூற்றாறில் ஊருக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டில் கூரை இல்லை. அத்தான் வீட்டில் பாதிக் கூரை இருந்தது. அந்தப் பாதிக்குக் கீழே இரண்டு குடும்பமும் எட்டு மாதம் இருந்தோம். பிறகு நாங்கள் எங்கள் வீட்டைத் திருத்திக்கொண்டு வந்தோம். வந்த நாளிலிருந்து பேச்சு இல்லை. நடுவில் என்ன நடந்தது என்று யோசித்தால், எட்டு மாதமும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்தது.

வீட்டுக்குப் போய் மனுசியைக் கேட்டேன்.

"அந்த ரேடியோதானே," என்றாள். அப்போது கரண்ட் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்போம். "அவர் வேர்க்க வேர்க்கச் சுத்துவார். நீங்கள் இருந்து கேப்பியள். செய்தி முடிய, பிழையான செய்தி எண்டு வேற சொல்லுவியள்."

"அதுக்கோ ஏழு வருஷம்?"

"இல்லாட்டி அந்த நெல் அவிக்கிற கிடாரம். ஓட்டைக் கிடாரத்தைத் திருப்பிக் குடுத்தம் எண்டு."

"ஓட்டை ஆர் போட்டது?"

"எனக்கென்ன தெரியும். கோவம் உங்களுக்கு. என்னைக் கேக்கிறியள்."

அடுத்த நாள் கணக்கு வாத்தியார் ஊரில் விசாரித்துக்கொண்டு வந்தார். வேலியில் நட்ட கதியால்தான் காரணம் என்று ஊர் சொல்கிறதாம். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் மூன்று ஒழுங்கையும் ஒரு கோவில் கேணியும் இருக்கின்றன. எந்த வேலி என்று கேட்டேன். அது ஊருக்குத் தெரியாது.

ரேடியோவும் கிடாரமும் இல்லாத வேலியும் சேர்ந்தாலும் ஏழு வருஷம் வராது என்று எனக்குப் பட்டது. அப்படி யோசித்துக்கொண்டு போனபோதுதான் அது ஞாபகம் வந்தது. ஏழு வருஷத்துக்குப் போதுமான காரணம் ஒன்று இருந்தது. அதைச் செய்தவன் நான். அது அத்தானுக்குத் தெரியாது என்றே இவ்வளவு காலமும் இருந்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்பிய அடுத்த வருஷம், அத்தான் வீட்டை விட்டு வரச் சற்று முன், கொழும்புக்குப் போக எனக்கு ராணுவத்தின் பயணப் பாஸ் தேவைப்பட்டது. பாஸ் படிவத்தில் பயணக் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தை நிரப்புவதில் தீவார் எல்லோரும் பண்டிதர்கள். என்னுடைய உண்மையான காரணம் மூக்குக்கண்ணாடி. அதைப் போட்ட விண்ணப்பம் இரண்டு தரம் திரும்பி வந்தது. மரணவீட்டுக்கு மட்டும் உடனே கொடுத்தார்கள், தந்தி இருந்தால். கொழும்பிலிருந்த சிநேகிதன் ஒருவனுக்கு ஆள்மூலம் சொல்லியனுப்பி, தந்தி அடிப்பித்தேன். அத்தான் காலமானார், உடனே வரவும். உத்தியோகத்தர் எழும்பி நின்று துக்கம் விசாரித்தார். கப்பலேறிப் போய்க் கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்தேன். அத்தான் அந்த நேரம் தோட்டத்தில் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணி கட்டிக்கொண்டு நின்றார்.

அந்தத் தந்தி எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. வேறு காரணம் இருக்க முடியாது. கணக்கு வாத்தியாரும் ஒத்துக்கொண்டார். "இது நல்ல காரணம் மாஸ்ரர். இதோட போம்."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனேன். அத்தான் கலியாணத்துக்காக வேலிக்குப் புது ஓலை கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன மாஸ்ரர், ஒழுங்கை மாறிப் போச்சோ?"

"இல்லை அத்தான். உங்களிட்டைத்தான் வந்தனான்."

"அப்ப இரும்." கதிரை ஒன்றைக் காலால் தள்ளிவிட்டார். அக்கா குசினி வாசலில் வந்து நின்றாள்.

"உங்களுக்கு என்னில ஏன் கோவமெண்டு எனக்குத் தெரியும்," என்றேன்.

"ஆ. சொல்லும் பாப்பம்." குத்தலாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மையாகவே அறிய ஆசைப்பட்டுத்தான் கேட்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

"நான் உங்களைச் சாகடிச்சது பிழை."

அத்தான் கையில் இருந்த ஓலையைக் கீழே வைத்தார்.

"எப்ப?"

"தொண்ணூற்றேழில. பாஸ் எடுக்க. தந்தி அடிப்பிச்சனான்."

"நான் எதில செத்தனான்?"

"மாரடைப்பு எண்டு படிவத்தில எழுதினனான்."

"எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் மாரடைப்பு இல்லை." கையைச் சாரத்தில் துடைத்தார். "எதுக்குக் கொழும்புக்குப் போனனீர்?"

"கண்ணாடி வாங்க."

"உந்தக் கண்ணாடியோ?"

"ஓம்."

கிட்ட வந்து என் மூக்கிலிருந்ததை உற்றுப் பார்த்தார். தன்னுடைய உயிருக்கு இது போதுமா என்று மதிப்பிடுகிறவர் மாதிரி.

"இஞ்சை பாரும். இவ்வளவு நாளும் எனக்கு உம்மில ஒரு கோவமும் இல்லை. நீர் கதைக்கேல்லை, நானும் கதைக்கேல்லை. ஆனா இப்ப கோவம் இருக்கு."

எனக்குக் கணக்கு வாத்தியார் வீட்டுத் திரை ஞாபகம் வந்தது. என்னுடைய பொய்ப் பத்திரத்தை நானே பிடித்துக் கொடுத்து, எதிராளிக்குக் காரணமும் கொடுத்துவிட்டு, கதிரை நுனியில் இருந்தேன். மன்னிப்புக் கேட்கப் போய்ப் போர் தொடங்கிவிட்டு வந்த அரசன் அந்தத் தேசப்படத்திலும் இருக்கமாட்டான்.

"அப்ப முருக்கந் தடி?" என்று அக்கா கேட்டாள். ஏழு வருஷத்தில் அவளுடைய முதற் பேச்சு. யாரைப் பார்த்துக் கேட்டாள் என்று விளங்கவில்லை.

அத்தான் ஓலையைத் திரும்பவும் எடுத்தார். "தடி வெட்டட்டும். அது தாய்மாமன்ர உரிமை. ஆனா கலியாணத்துக்கு ஊரெல்லாம் சொல்ல வேணும். எழுவைதீவில சொந்தம் கிடக்கு, நயினாதீவில கிடக்கு. செத்தவன் வீடு வீடாப் போய்ச் சொல்ல ஏலாது. சாகடிச்சவர் போய்ச் சொல்லட்டும். உன்னோட," என்றார் அக்காவைப் பார்த்து.

அவர் விளையாடுகிறாரா, தண்டிக்கிறாரா, வழிவிடுகிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கணக்கு வாத்தியார் மட்டும், சொல்லக் கேட்டு, தலையை ஆட்டினார். "சரியாத்தான் கேட்டிருக்கிறார். காரணத்துக்குள்ள நிண்டு."

பத்து நாள் அக்காவும் நானும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். நாற்பது வருஷம் கடல் வல்லரசை ஆண்ட நான் எழுவைதீவு வள்ளத்தில் வயிற்றிலிருந்த எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்தேன். அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீயாவது சொல்லு அக்கா. அப்ப என்னதான் நடந்தது?"

"நீதானே அண்டைக்கு ஒரு கதை சொன்னனீ," என்றாள்.

"என்ன சொன்னனான்?"

தடவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "சொன்னனீ. எனக்கு அழுகை வந்தது ஞாபகமிருக்கு. என்னெண்டுதான் வருகுதில்லை."

கன்னிக்காலுக்குத் தடி வெட்டிக் கொடுத்தேன். கலியாணம் நடந்தது. அத்தான் மாப்பிள்ளை வீட்டாருக்கு என்னை, "இவர்தான் என்னைச் சாகடிச்ச மச்சான்" என்று அறிமுகப்படுத்தினார். அவர்கள் அரை அடி தள்ளி நின்றார்கள்.

இரண்டு வருஷம் போகவில்லை, பெரிய சண்டை திரும்பவும் தொடங்கியது. கொழும்புப் பாதை பூட்டுப்பட்டது. அதற்கு எல்லாப் பக்கத்தாரும் காரணம் சொன்னார்கள், பெட்டி பெட்டியாக. எங்கள் தீவிலேயே, அல்லைப்பிட்டியில் சுடப்பட்டுச் செத்தவர்களின் வீட்டு வாசலில் அந்தப் பெட்டிகளில் எதை வைத்துப் படிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் போர்த்துக்கல்லை விட்டுவிட்டேன். கணக்கு வாத்தியாரும் கொம்பியூட்டரைச் சேலையால் மூடி வைத்தார்.

சமாதான காலத்தில் இல்லாமல் போயிருந்த பாஸ் படிவமும் திரும்பி வந்தது. எனக்குக் கண் ஒன்றில் வெள்ளை விழுந்து, கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. விறாந்தையில் இருந்து பெயர், முகவரி எல்லாம் எழுதி, பயணக் காரணம் என்ற கட்டத்துக்கு வந்து பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அத்தான் வந்து பின்னால் நின்றதைக் கவனிக்கவில்லை.

"என்ன யோசிக்கிறீர்?"

"கண் வருத்தம் எண்டு எழுதுவமோ எண்டு பாக்கிறன்."

"உண்மையை எழுதினால் விடமாட்டாங்கள்." என் தோளுக்கு மேலால் குனிந்து, வெறுங் கட்டத்தை விரலால் தொட்டார். "என்னை எழுதும். ஆனா மாரடைப்பெண்டு எழுதாதையும். மரத்தால விழுந்தது எண்டு எழுதும்."