கதவோரத்துக் கவ்வாத்துக் கத்தி

கலவரச் செய்தி மலையகத்தில் எங்கள் வட்டகொடைப் பக்கமும் பரவியதும், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் பழைய கத்தி ஒன்றை லயத்து வரிசை வீடுகளில் எங்கள் காம்பராவின் கதவோரம் வைத்தேன். பகலெல்லாம் கைக்குழந்தையோடு தனியாக இருப்பவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

அன்று மாலை அடைமழை. தலையோடு கம்பளி போர்த்திய ஓர் உருவம், குரல் கொடுக்காமல் கதவைத் தோளால் இடித்துத் திறந்தது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன்.

"ஐயோ, நான்தாம் புள்ள!"

என் கணவர். கம்பளி நுனியைப் பல்லில் கடித்திருந்ததால்தான் அவரால் கூப்பிட முடியவில்லை. நெஞ்சோடு அணைத்து வந்த விறகில் கத்தி இறங்கியிருந்தது.

மறுநாளே கத்தியைத் தோட்டத்து ஸ்டோரில் ஒப்படைத்தேன். இப்போது கதவோரம் தகரமும் கட்டையும்தான் வைத்திருக்கிறேன். தட்டினால் லயமே ஓடி வரும். ஆனாலும் அவர் இன்றும் வாசலில் நின்று, "நான்தாம் புள்ள, வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சொந்த வீட்டுக்குள் வருகிறார்.