நான்கு பெட்டியும் ஒரு குடையும்

சிங்கப்பூரை விட்டால் ஜொகூர் பாருவைத் தாண்டி எங்கேயும் போகாத என் தம்பி சேதுபதியிடம் புத்தம் புதிதாக நான்கு லக்கேஜ் பெட்டிகள் இருந்தன. ஒன்று நீலம், ஒன்று சாம்பல், இரண்டு கறுப்பு. கூடவே ஒரு பெரிய குடை. எல்லாம் இனாமாக வந்தவை.

தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை. என் அம்மாவுக்கு அடுத்தவள் தாயம்மாள் சின்னம்மா. அவளுக்கு மங்களம், சேதுபதி என்று இரண்டே பிள்ளைகள். மங்களத்தின் புருஷன், பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது வேலை தேடிப் போவதாகச் சொல்லிப் போனவன், திரும்பவேயில்லை. அந்தப் பிள்ளைதான் ரக்ஷனா. அவளுக்குப் பால் மாவிலிருந்து பாலிடெக்னிக் ஃபீஸ் வரை சேதுபதி சம்பளத்தில்தான் நடந்தது. அவனுக்குப் பெண் பார்க்க நான் அலைந்தபோதெல்லாம், "ரக்ஷனா படிச்சு முடிக்கட்டும் அக்கா" என்பான். அவள் முடித்தபோது இவன் நாற்பதை நெருங்கிவிட்டான். அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஜாலான் புசாரில் பூட்டு, கீல், ஆணி விற்கும் கடையில் முப்பது வருடமாக ஸ்டோர் கீப்பர். கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சீனர் வீட்டில் ஓர் அறை வாடகைக்கு. வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் குழாயில் தண்ணீர் ஒழுகினால் மட்டுமே இரண்டு பேருக்கும் பேச விஷயம் கிடைக்கும்.

ஒரு சனிக்கிழமை, தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டுப் பக்கத்துக் கடைத்தொகுதி வழியாக வந்திருக்கிறான். கிரெடிட் கார்டு எடுத்தால் பெட்டி இலவசம் என்று மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஆஸ்மா என்று ஒரு பெண்.

"அங்கிள், தமிழா? ரெண்டே நிமிஷம் லா. சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லமா."

"அப்ப கொஞ்சம் உட்காருங்க. ஃபார்ம் நான் எழுதுறேன், நீங்க பதில் மட்டும் சொல்லுங்க."

பிறந்த தேதி கேட்டாளாம். "ஐயோ, வர்ற வியாழக்கிழமை பர்த்டேயா! கேக் எங்க அங்கிள்?" என்றாளாம். எங்கே வேலை, எத்தனை வருடம், கல்யாணம் ஆனதா, அம்மா பெயர் என்ன, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாள். அவசரத்துக்கு ரக்ஷனா பெயரைக் கொடுத்திருக்கிறான்.

"அம்மா பேரை வாய் விட்டுச் சொல்லி எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமாக்கா?" என்று பிறகு என்னிடம் சொன்னான்.

ஆஸ்மா கம்பெனி மாற மாற, வங்கியும் மாறியது. "அங்கிள், இப்ப வேற பேங்க். எனக்காக ஒண்ணு எடுங்களேன்" என்பாள். ஒரு வருடத்துக்குள் ஐந்து கார்டு. கடைசி வங்கி மட்டும் குடைதான் கொடுத்தது. ஐந்தையும் ஒரு நாள்கூடத் தேய்த்ததில்லை. காசு கொடுத்து வாங்கியே பழகியவன். பிறகு ஆஸ்மாவும் வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

அதற்கடுத்த வருடம் மங்களம் இறந்தாள். தாயும் மகளும் புக்கிட் மேராவில் இருந்தது மங்களத்தின் பெயரில் எடுத்த வாடகை வீடு. திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தது. அப்போதுதான், மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, ரக்ஷனா வீடு வாங்கும் பேச்சை எடுத்தாள். அவளுக்கு முப்பத்தாறு, இவனுக்கு ஐம்பத்து நான்கு.

"மாமா, நீங்களும் தனி, நானும் தனி. ரெண்டு பேர் பேரையும் போட்டு கிளமெண்டில ஹாலோட சேர்த்து மூணு ரூம் வீடு வாங்கலாம். என் ஆபிஸும் அங்கதான். ஆளுக்கு ஒரு ரூம். என்ன சொல்றீங்க?"

அவன் என்ன சொல்வான்? கையில் இருந்த பரோட்டாவை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது. "மாமா குறட்டை விடுவேனே" என்றான்.

"அதுக்குத்தான் கதவு இருக்கு. நல்ல பூட்டா உங்க கடைலயே வாங்கிட்டு வாங்க."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். மறுநாளே பித்தளைப் பிடி வைத்த பூட்டு ஒன்றை வாங்கிவிட்டான். புதுப் படுக்கை விரிப்பு, துண்டு, இரண்டு தட்டு எல்லாம் வாங்கி நீலப் பெட்டியில் அடுக்கிப் பூட்டியும் வைத்தான். வீடு பார்க்கப் போனபோது, ஜன்னலுக்கு வெளியே மரம் தெரிகிற அறையை எனக்குக் காட்டி, "இது என் ரூம் அக்கா" என்றான்.

மூன்றாம் வாரம், கேட்டிருந்த வீட்டுக் கடன் கிடையாதென்று வங்கியிலிருந்து பதில் வந்தது. ரக்ஷனாவால் இல்லை, இவனால். கடன் வாங்குகிறவர்களைப் பற்றி எல்லா வங்கிக்கும் தகவல் தரும் இடம் ஒன்று இருக்கிறதாம். அங்கே இவனுக்குப் போட்டிருந்த தரம் அடிமட்டத்துக்குப் பக்கம்.

ரக்ஷனா என்னையும் கூட்டிக்கொண்டு அவன் அறைக்கு வந்தாள். "எந்த பேங்க்லயாவது பாக்கி இருக்கா மாமா? லெட்டர் ஏதாவது வந்துச்சா?"

"லெட்டரா? வருமே, நிறைய!" என்று பெருமையாக எழுந்து பெட்டிகளைத் திறந்தான். எந்த வங்கி கொடுத்த பெட்டியோ, அந்த வங்கிக் கடிதங்கள் அதற்குள். நீலப் பெட்டிக்கு மட்டும் முன்பக்க ஜிப்பில். குடை வங்கியிலிருந்து ஒரே ஒரு கடிதம், அது மேசையில். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

அவள் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வோர் உறையாகக் கிழித்துப் படித்தாள். கிழிக்கக் கிழிக்க அவள் முகம் சிறுத்துப்போனது.

"ஏன் மாமா பிரிக்கல?"

"விளம்பரம்னு நெனச்சேன். எப்படியும் இங்கிலீஷ்தானே. பேரு போட்டு வருதேன்னு வச்சிருந்தேன்."

"இது விளம்பரம் இல்ல, பில். மொத வருஷம்தான் ஃப்ரீ. அப்புறம் வருஷக் கட்டணம், அதைக் கட்டலன்னா அபராதம், அதுக்கு மேல வட்டி."

"நான்தான் செலவே பண்ணலியேம்மா! ஒரு காப்பிகூட வாங்கல."

"வச்சிருந்தாலே கட்டணும் மாமா. போன் போட்டுக் கேட்டிருந்தா தள்ளுபடி பண்ணியிருப்பாங்க. நீங்க கேக்கல. மாசாமாசம் கட்டல, கட்டலன்னு உங்க பேர்ல ஏறிக்கிட்டே இருந்திருக்கு. இன்னொண்ணு, ஒவ்வொரு ஃபார்முக்கும் ஒரு பதிவு. ஒரே வருஷத்துல அஞ்சு இடத்துல கேட்டா பேங்க்காரன் என்ன நெனப்பான்? இந்த ஆளு பணத்துக்குத் தவிக்கிறாருன்னுதானே?"

"நான் பணத்துக்குத் தவிக்கல."

"பின்ன எதுக்கு மாமா அஞ்சு கார்டு?"

அவன் விரலால் சாம்பல் பெட்டியின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு, "பெட்டி நல்லா இருந்துச்சு" என்றான். எனக்கு ஆஸ்மா கதை தெரியும். ஆனால் அது அவன் சொல்லவேண்டியது.

ரக்ஷனா நல்ல பெண். இரண்டு நாள் லீவு போட்டு, பாக்கி இருந்த நான்கு வங்கிக்கும் போன் அடித்தாள். இரண்டு இடத்தில் இரங்கித் தள்ளுபடி செய்தார்கள், இரண்டு இடத்தில் கட்டச் சொன்னார்கள். கட்டி, நான்கு கார்டைக் கத்தரித்தாள். குடை வங்கி கார்டை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அதற்குத்தான் வருஷக் கட்டணமே கிடையாது. "பெட்டி கொடுக்குறதப் பார்த்து எடுக்காதீங்க மாமா. இதுல போன் பில் மட்டும் கட்டுங்க. மாசம் முடிஞ்சதும் மொத்தமும் உங்க சேமிப்புக் கணக்குலேருந்து தானா போயிடும். நீங்க கட்டாத கதை பேங்க்குகளுக்கு ஒரு வருஷம் தெரியும், ஃபார்ம் போட்ட கதை ரெண்டு வருஷம். அதுவரைக்கும் எங்கயும் கை நீட்டாதீங்க."

ஆனால் புக்கிட் மேரா வீட்டுச் சாவியைக் கொடுக்க அவளுக்கு இருந்தது இரண்டே மாதம். தன் சம்பளத்துக்குக் கிடைத்த கடனில் உட்லண்ட்ஸில் ஒரு சின்ன வீடு வாங்கினாள். ஒரே படுக்கை அறை.

"ஹால்ல சோபா போட்டுக்கலாம், வாங்க மாமா."

"கடைக்கு ரொம்ப தூரம்மா" என்றான். தூரம்தான். ஆனால் கிளமெண்டியும் ஜாலான் புசாருக்குப் பக்கம் இல்லை.

அவள் வீடு மாறிய அன்று சாமான் கொண்டுபோக அட்டைப்பெட்டி போதவில்லை. சாம்பலையும் இரண்டு கறுப்பையும் இவன்தான் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தான். மங்களத்தின் சேலைகளும் சட்டி பானைகளும் அவற்றில்தான் போயின. பெட்டிகள் முதல் பயணம் போனது உட்லண்ட்ஸுக்கு.

இரண்டு வருடம் போய்விட்டது. அவள் வருவது குறைந்துவிட்டது. அவளைக் குறை சொல்வதற்கில்லை, வேலை அப்படி. போன ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். ஒரு தாளை நீட்டினான். தரம் போடுகிற அந்த இடத்தில் சில வெள்ளி பணம் கட்டி அவனே வாங்கியிருக்கிறான். எனக்கு எழுத்து தெரியாது என்பது மறந்துவிட்டது போல, "படிச்சுப் பாருங்கக்கா" என்றான். பிறகு அவனே விரல் வைத்துக் காட்டினான். தரம் மேலிருந்து இரண்டாவது. இருபத்து நான்கு மாதமும் ஒரு நாள் பிந்தவில்லை.

"இந்தப் பக்கம் மட்டும் ஏன் ஒண்ணுமே இல்ல?" என்றேன்.

"ரெண்டு வருஷமா எந்த பேங்க்கும் என்னைப் பத்திக் கேக்கல. அப்படி இருந்தாத்தான் நல்லதாம்."

"ரக்ஷனாகிட்ட சொன்னியா?"

"போன் போட்டேன். சூப்பர் மாமான்னா. வாங்கின கவர்மெண்ட் வீட்ட அஞ்சு வருஷத்துக்கு விக்க முடியாதாம்; அப்புறம் பாப்போம்னா. ரெண்டு போயிடுச்சு. இன்னும் மூணுதானே."

மூன்று வருடத்தில் அவனுக்கு ஐம்பத்தொன்பது ஆகும், அந்த வயதில் எத்தனை வருடத்துக்குக் கடன் கொடுப்பார்கள் என்று எனக்கே கேள்வி வந்தது. குழம்புப் பாத்திரத்தை மேசையில் எடுத்துவைத்தேன்.

கதவோரம் நீலப் பெட்டி நின்றது. பித்தளைப் பூட்டும் படுக்கை விரிப்பும் அடுக்கியபடியே இருக்கின்றன என்றான். பிரித்து விரிப்பையாவது போட்டுக்கொள்ளேன் என்றேன். "அழுக்காயிடும் அக்கா" என்று சொல்லி, அந்தத் தாளை நாலாக மடித்தான். கடிதங்கள் இருந்த அந்த முன்பக்க ஜிப்பைத் திறந்து உள்ளே வைத்து மூடினான். பிறகு இரண்டு தட்டு எடுத்துவர அடுக்களைக்குப் போனான்.